கடனும் ஊதியமும்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்த தமிழர் பலர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் கால்கொண்டனர். எழுத்தர், தட்டச்சர் முதலிய பணிகளை நாடி வந்தோர் மாதுங்காவில் குடியேறினர். அங்கே 1932ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பின்னர்ச் செம்பூரிலும் தமிழர் குடியிருப்புகள் பெருகின. தொழில் வேறாயினும், பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்னும் எண்ணம் இவர்களுக்குப் பொதுவாக இருந்தது.

இன்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் பலர் செவிலியர் பட்டயம், ஆய்வக நுட்பம் போன்ற படிப்புகளை நாடுகின்றனர். தாராவியை அடுத்துள்ள சயான் மருத்துவமனை தொடங்கி நகரெங்கும் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் இருப்பது அதற்கு ஒரு காரணம். கட்டணத்திற்குக் கையில் பணம் இல்லாதபோது குடும்பம் கடன் வாங்குகிறது. அக்கடன் ஏணியாகுமா, சுமையாகுமா என்பதை முன்னரே கணக்கிட்டு அறியலாம்.

எண்ண வேண்டியவை மூன்று

திருக்குறளின் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரம், ஒரு செயலில் இறங்குமுன் அதனால் இழப்பது, பெறுவது, பின்னர்த் தொடர்ந்து விளையும் பயன் ஆகிய மூன்றையும் ஆராயச் சொல்கிறது. அங்கே ‘ஊதியம்’ என்னும் சொல் இலாபத்தைக் குறிக்கும். இன்று நாம் அதனைச் சம்பளம் என்னும் பொருளில் வழங்குகிறோம். படிப்பிற்குக் கடன் வாங்குவோர் இவ்விரு பொருளையும் நினைவிற்கொள்ள வேண்டும். சம்பளம் முழுவதும் இலாபம் ஆகாது.

ஒரு கணக்கு

மாணவி ஒருத்தி பள்ளிப்படிப்பு முடிந்ததும் மாதம் 10,000 ரூபாய்க்குக் கடை வேலைக்குச் செல்ல முடியும் எனக் கொள்வோம். அதை விடுத்து, 2,00,000 ரூபாய் கடன் பெற்று ஈராண்டுப் படிப்பில் சேர்கிறாள். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு. படிக்கும் ஈராண்டு, அதன்பின் சலுகைக் காலம் ஓராண்டு ஆக மூன்றாண்டுத் தனிவட்டி 60,000 ரூபாய். கடன் 2,60,000 ரூபாயாக வளர்ந்துவிடும். அதை ஐந்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 5,500 ரூபாய்.

படித்து முடித்தபின் மாதம் 16,000 ரூபாய் கிடைத்தால், கடை வேலையைவிட 6,000 ரூபாய் மிகுதி. தவணை போக எஞ்சுவது 500 ரூபாயே. படித்த ஈராண்டில் ஈட்டாது விட்ட 2,40,000 ரூபாயையும் இழப்பில் சேர்க்க வேண்டும். எனினும் கடன் தீர்ந்தபின் அந்த 6,000 ரூபாய் முழுவதும் அவளுடையது. பட்டறிவு கூடக்கூட ஊதியம் உயரவும் வழியுண்டு.

அதே படிப்பு அரசு அல்லது மாநகராட்சி நிறுவனம் ஒன்றில் 60,000 ரூபாய்க்குக் கிடைத்தால், தவணை ஏறத்தாழ 1,650 ரூபாய்தான். மாதம் 4,350 ரூபாய் எஞ்சும். படிப்பும் ஊதியமும் மாறவில்லை. மாறியது கடனின் அளவே.

கடன் வாங்கும் இடம்

7.5 இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணையம் கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். சொந்த வீடில்லாத குடும்பத்திற்கு இது பெரும் துணை. விண்ணப்பிக்க வித்யாலட்சுமி இணையதளம் 2015இல் தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் 4.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகள், தகுதிபெற்ற நிறுவனங்களில் தொழிற்கல்வி பயின்றால், படிப்பு மற்றும் சலுகைக் காலத்து வட்டியை நடுவண் அரசே ஏற்கும் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது.

தெருவில் வட்டிக்கு விடுவோரிடம் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி எனில், அது ஆண்டுக்கு 36 விழுக்காடு. 2,00,000 ரூபாய்க்கு மூன்றாண்டு வட்டி மட்டும் 2,16,000 ரூபாய். வட்டி அசலை விஞ்சிவிடும்.

சான்றிதழின் மதிப்பு

இக்கணக்குகள் யாவும் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதைக் கொண்டே அமைந்தவை. செவிலியராகப் பணிபுரிய மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு வேண்டும். ஆய்வக நுட்பநர் உள்ளிட்ட துணை மருத்துவப் பணியாளருக்கெனத் தேசிய ஆணையம் அமைக்க 2021இல் சட்டம் இயற்றப்பட்டது. எனவே கட்டணம் செலுத்துமுன் நிறுவனத்தின் ஏற்பு ஆணையைப் பார்த்தல் வேண்டும்; அங்குப் பயின்றோர் எங்கே, என்ன ஊதியத்தில் பணிபுரிகின்றனர் எனவும் கேட்டறிதல் வேண்டும். விளம்பரப் பலகையில் உள்ள ஊதியம் கணக்கிற்கு உதவாது. படிப்பு பாதியில் நின்றாலும் கடன் நிற்பதில்லை.

சொற்பொருள்

அசல் – கடனாகப் பெற்ற முதல் தொகை
தவணை – பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை
பிணையம் – கடனுக்கு ஈடாகக் காட்டும் பொருள்
விஞ்சுதல் – மிகுதல்

பயிற்சி

1. ‘ஊதியம்’ என்னும் சொல்லின் அன்றைய பொருளையும் இன்றைய பொருளையும் எழுதுக.
2. பிரித்து எழுதுக: கல்விக்கடன், ஈராண்டு, சொற்பொருள்.
3. கடனாக 1,00,000 ரூபாய், ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி எனில், மூன்றாண்டு முடிவில் கடன் எவ்வளவு?
4. பெரியோர் ஒருவரிடம் அவர் முதன்முதலில் வாங்கிய கடனைப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.