குளிக்காதவர் வாங்கிய குழாய்

கேள்வி: ஏற்காடு விடுதியில் வெந்நீருக்குத் திருகினேன், தலையில் ஐஸ் தண்ணீர் கொட்டியது. தினமும் புழங்கும் பொருளை ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

பதில்: குழாயைத் தேர்ந்தெடுப்பவர் அதில் குளிப்பதில்லை, அதனால்தான். கடையில் பளபளப்பைப் பார்க்கிறார்கள். கையில் சோப்பும் கண்ணில் நுரையுமாக நிற்பவரை யாரும் நினைப்பதில்லை. ஷவருக்கு நேர் கீழே திருகு இருந்தால் நனையாமல் எப்படித் திறப்பது? கதவுப் பக்கமாக இரண்டடி தள்ளி வைக்கலாம். கூடுதலாக ஒரு துண்டுக் குழாய்தான் செலவு. சூடு எது, குளிர் எது என்று காட்டும் சிவப்பும் நீலமும் அழியாமல் இருக்க வேண்டும். கதவிலும் இதே கதைதான்: இழுக்கச் சொல்லும் கைப்பிடியைத் தள்ளும் கதவில் வைத்தால் தவறு நம்முடையதல்ல என்று 1988லேயே புத்தகம் எழுதி வாதாடினார் அமெரிக்கரான டொனால்ட் நார்மன்.

நல்லதற்கும் உதாரணம் உண்டு. ஏற்காட்டுக்கு நீங்கள் ஏறிய மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண். குமட்டலோடு மடியில் சாய்ந்திருக்கும் பிள்ளையிடம் “இன்னும் மூணே வளைவுதான் கண்ணு” என்று அம்மாவால் சொல்ல முடிகிறதே, அது நல்ல வடிவமைப்பு.