காரணம் தெரியாமல் கெக்கோ செத்தால்

"நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது." இங்கிலாந்தில் லெப்பர்ட் கெக்கோ வளர்க்கும் நண்பர்களிடம் இந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதினைந்து, இருபது வருடம் வாழக்கூடிய பல்லி இரண்டு வயதில், மூன்று வயதில் போய்விடுகிறது. தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, விதி என்று விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் நேற்று வரைக்கும் அது நன்றாக இருந்திருக்காது.

இது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலத்துப் பிராணி. அங்கே சோர்ந்து கிடந்தால் இன்னொரு பிராணிக்கு இரையாகிவிடும்; ஆகவே கண்ணாடித் தொட்டிக்குள் இருந்தாலும் நோவைக் காட்டிக்கொள்வதில்லை. வாலில் சேர்த்து வைத்த கொழுப்பை வைத்தே வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வால் மெலிந்தது நம் கண்ணில் படும்போது நோய் ரொம்ப தூரம் போயிருக்கும்.

கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையல் தராசு போதும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, அதற்குள் கெக்கோவை இறக்கிவிட வேண்டும். வாரம் ஒரு தடவை, அதே கிழமையில், தீனி போடுவதற்கு முன்னால். வளர்ந்த கெக்கோ பொதுவாக 50 முதல் 80 கிராம் இருக்கும். முட்டை போட்ட பெண் கெக்கோவுக்கு எடை இறங்குவது இயல்பு. மற்றபடி உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் நான் அடுத்த வாரத்துக்காகக் காத்திருப்பதில்லை, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போய்விடுவேன்.

என் கெக்கோ மஞ்சு விஷயத்தில் வாராவாரம் எடையை எழுதி வைத்த குறிப்பேடுதான் முதலில் பேசியது. நன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். டூபியா கரப்பானை இடுக்கியில் நீட்டினால் வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து கவ்வுவாள். ஆனாலும் எடை இறங்கிக்கொண்டே வந்தது. வழக்கமாக அவளுடைய எச்சம் பழுப்பாக, கெட்டியாக, நுனியில் சுண்ணாம்புத் துண்டு போன்ற வெள்ளையுடன் இருக்கும். அது இப்போது கூழாகி, அதற்குள் கரப்பானின் கால்கள் செரிக்காமல் அப்படியே கிடந்தன. இடுப்பெலும்பு தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டது. எச்சத்தை ஒரு தடவை சோதித்ததில் ஒன்றும் தெரியவில்லை. சில வாரங்களில் இறந்துபோனாள்.

அந்த நிலையில் உடலைப் பரிசோதனைக்குக் கொடுக்க மனசு வராது. எனக்கும் வலித்தது. ஆனால் பக்கத்துத் தொட்டிகளில் உயிரோடு இருக்கிறவற்றுக்காகக் கொடுத்தே ஆக வேண்டும். உடலை ஈரமான டிஷ்யூவில் சுற்றி, பையில் கட்டி, உடனே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும். குடல் வேகமாக அழுகும் உறுப்பு என்பதால் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு தெளிவாகப் பதில் கிடைக்கும். மஞ்சுவின் குடல் திசுவை ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள்: கிரிப்டோஸ்போரிடியம்.

கெக்கோக்களின் சிறுகுடலைப் பிடிக்கும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி அது. வால் குச்சியாக வற்றிப்போவதால் ஆங்கிலத்தில் 'ஸ்டிக் டெயில்' என்பார்கள். இதை அடியோடு ஒழிக்க நம்பகமான மருந்து கிடையாது. எச்சத்தில் தினமும் வெளிப்படாமல் விட்டு விட்டு வருவதால் ஒரு சோதனையில் 'இல்லை' என்று வந்ததை வைத்து நிம்மதியடைய முடியாது. சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப பிசிஆர் சோதனை எடுக்க வேண்டும். வெளித்தோற்றத்துக்கு ஒரு குறையும் இல்லாத கெக்கோகூடப் பரப்பிக்கொண்டிருக்கலாம்.

இன்னும் மோசம், வீட்டில் எல்லோரும் வைத்திருக்கும் பிளீச் இதன் முட்டை உறைகளை ஒன்றும் செய்யாது. கொதிநீரும் நீராவியும் கொல்லும், நன்றாக உலர்த்துவதும் உதவும். அம்மோனியாவும் வேலை செய்யும், ஆனால் பிளீச் பட்ட இடத்தில் அதை ஊற்றினால் நச்சுப் புகை கிளம்பும் என்பதால் வீட்டுக்குள் நான் அதைத் தொடுவதில்லை. மஞ்சுவின் மரக்கட்டை, கார்க், தேங்காய் நார், எல்லாவற்றையும் தூக்கிப்போட்டேன். இடுக்கியும் தண்ணீர்க் கிண்ணமும் இப்போது தொட்டிக்கு ஒன்று. ஒரு கெக்கோ தின்னாமல் விட்ட பூச்சியை எடுத்து இன்னொன்றுக்குப் போடுவது பலருக்கும் பழக்கம். எச்சத்தை மேய்ந்த பூச்சி நோயைக் கூடவே கொண்டுபோகும், தயவுசெய்து விட்டுவிடுங்கள். புதிதாக வரும் கெக்கோவுக்கு வேறு அறையில் மூன்று மாதம் தனிவாசம். அதற்குத் தீனி போடுவது கடைசியாகத்தான், பிறகு கைகழுவல். சால்மொனெல்லாவுக்கு அஞ்சிக் கைகழுவுவது எப்படியும் கட்டாயம்.

மெலிந்ததெல்லாம் கிரிப்டோ என்று பயப்படவும் வேண்டாம். சூடு குறைந்தாலும் இதே கதைதான்: வயிற்றில் போனது செரிக்காது, கெக்கோ தின்பதை நிறுத்திவிடும். சூடான மறைவிடத்தின் தரை 32 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும், ஆனால் தொட்டியில் ஒட்டிய வெப்பமானி காட்டுவது காற்றின் சூட்டை. தரையை அகச்சிவப்பு வெப்பமானியால் நேரே அளந்து பாருங்கள். கால்சியமும் டி3-யும் போதாமல் தாடை மென்மையாகிப்போனதையும், மணலை விழுங்கிக் குடல் அடைத்ததையும் நண்பர்கள் வீடுகளில் பார்த்திருக்கிறேன். 'லெமன் ஃப்ராஸ்ட்' என்ற வெளிர்மஞ்சள் ரகத்தை யாராவது விற்றால் வாங்காதீர்கள். அந்த நிறத்தோடு தோல் கட்டியும் சேர்ந்தே வருகிறது, 2021இல் வெளிவந்த மரபணு ஆய்வு இரண்டையும் ஒரே மரபணுவோடு இணைத்துக் காட்டியது. அழகுக்காக இப்படி ஒரு வம்சத்தைப் பெருக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

மருத்துவரிடம் போகும்போது எடைக் குறிப்பு, தொட்டியின் புகைப்படம், சூட்டளவு, அன்றைய எச்சம் நான்கையும் எடுத்துப் போங்கள். பாதி நேரம் மிச்சமாகும்.

நண்பர்கள் விடுமுறைக்குப் போகும்போது அவர்கள் கெக்கோவை இப்போது நான் வீட்டுக்கு வாங்கி வைப்பதில்லை. சாவியை வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய், அவர்கள் இடுக்கியாலேயே தீனி போட்டுவிட்டு வருகிறேன்.