சின்னாற்றுக் கானகம்

காடு என்றவுடன் யானையும் புலியுமே நம் மனக்கண் முன் தோன்றுவது இயல்பு. அவ்வெண்ணத்துடனேயே யாமும் எம் வகுப்புத் தோழரும் உடுமலைப்பேட்டையினின்று மூணாறு செல்லும் சாலை வழியே சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தை அடைந்தோம். ஆண்டுக் கற்றுத் திரும்பியதோ வேறொன்று. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சின்னாறு கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், ஆனைமலைக் காடுகளை அடுத்து அமைந்துளது. 1984-ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இதன் பரப்பு ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டரே. கேரளம் என்றதும் மழைவளத்தை எதிர்பார்ப்போர் இங்கே முட்புதரும் கள்ளியும் கண்டு வியப்புறுவர். தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் நீரில் பெரும்பகுதியை மலையின் மேலைச் சரிவிலேயே பொழிந்துவிடுதலின், இக்கீழைச் சரிவு மழை மறைவில் நிற்கின்றது. ஆயினும் சின்னாறும் பாம்பாறும் பாயும் கரைகளில் மட்டும் மருதும் நாவலும் புங்கும் ஓங்கி வளர்ந்து நிழல் செய்கின்றன.

எமக்கு வழிகாட்ட வந்தவர் முதுவர் குலத்துப் பெரியவர் ஒருவர். முதுவரும் மலைப்புலையரும் இச்சரணாலய எல்லைக்குள்ளேயே தத்தம் குடிகளில் வாழ்கின்றனர். மதுரையினின்று முதுகிற் சுமையேற்றி மலையேறியமையால் முதுவர் எனப் பெயர் பெற்றனர் என்பது அவர்தம் மரபுரை.

இரண்டு நாழிகை நடந்தும் விலங்கொன்றும் தென்படவில்லை. எம்முள் ஒருவர் பொறுமையிழந்து, "ஐயா, இக்காட்டில் விலங்கே இல்லையோ?" என்றார். பெரியவர் நகைத்து, "தரையையே பார்த்து வருகிறீர்கள், தம்பி; மேலே பாருங்கள்" என்றார். மருதமரத்தின் உச்சியில் சுள்ளியும் இலையும் கொண்டு கட்டிய கூடொன்று இருந்தது. அதனருகே பூனையளவினதாய், உடலொத்த நீண்ட வாலுடன் அமர்ந்திருந்தது சாம்பல் நிற மலையணில். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சிற்சில காடுகளில் மட்டுமே வாழும் அரிய உயிர் அது.

அயல் மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கூடும் இடத்திலேயே அது கூடு கட்டும். பகை வரின் மண்ணில் இறங்காது மரத்தினின்று மரத்திற்குத் தாவி உய்யும். இடையிலுள்ள ஒரு மரம் வெட்டுண்டால் அதன் வழியே அற்றுப்போம். ஆற்றங்கரை மரவரிசை அதற்கு உணவும் வீடும் நெடுஞ்சாலையுமாம் என்பதை அன்று உணர்ந்தோம்.

திரும்பும் வழியில் பெரியவரின் கேழ்வரகுக் கொல்லையைக் கண்டோம். ஒரு புறம் மிதியுண்டு கிடந்தது. யானையின் செயல் என்றார். சினம் இல்லையோ என வினவினோம். "சினம் வராதிருக்குமா, தம்பி? ஆண்டு முழுதும் உண்ணும் தானியம் ஓரிரவில் போய்விடுகிறது. தீ மூட்டித் தகரம் தட்டி ஓட்டுவோம். மறுநாள் காட்டுவழியில் அதனைக் கண்டால் ஒதுங்கி நிற்போம்" என்றார். யாம் விடை கூற அறியாது நின்றோம்.

1972-ஆம் ஆண்டுச் சட்டம் வனவிலங்குகட்குக் காவலாயிற்று. காட்டில் வாழும் மக்களின் உரிமையை ஏற்ற சட்டமோ 2006-இலேதான் பிறந்தது. பாம்பாற்று நீர் அமராவதியிற் கலந்து கொங்குநாட்டு வயல்களை நனைக்கின்றது. காட்டின் பயனை நுகர்வோர் சமவெளியினராகிய நாம். அதனைக் காப்பதன் விலையைத் தம் கொல்லையில் இறுப்போர் அவர். ஆதலின், நண்பர்காள், சரணாலயம் காணச் செல்வீராயின் விலங்கை மட்டும் தேடாதீர்; அங்கு வாழும் மக்களையும் வினவி அறிமின்.