அம்மாவோடு கிரிவலப் பாதையில்

எழுபதைத் தாண்டிய அம்மாவுக்குப் பெயர்கள் மறக்கத் தொடங்கியபோது, மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் எழுதிக்கொடுத்தார். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சரியாகத் தூங்காமை எல்லாமே மறதியைத் தரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, தினமும் நடக்க வேண்டும், மூளைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்றார். இரண்டையும் சேர்த்தே செய்யத் திருவண்ணாமலை தோதான ஊர்.

மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அத்தனையும் நடக்கத் தேவையில்லை. விடியற்காலையில் ரமணாசிரமத்துப் பக்கம் தொடங்கி, மூச்சு சற்று வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில் போய்த் திரும்புகிறோம். பௌர்ணமியன்று போவதில்லை, அந்தக் கூட்டத்தில் வயதானவர் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் நடையே நின்றுபோகும். அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. பாதம் மரத்தவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது, புண்ணாகிவிடும். அதனால் செருப்போடுதான் நடை. வெறுங்காலோடு சுற்றிப் பழகிய அம்மாவை அதற்குச் சம்மதிக்க வைக்க வெகுநாள் ஆயிற்று.

நடக்கும்போதே கேள்வி கேட்பேன். பாதையில் எட்டு லிங்கங்கள்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன். வரிசையாகச் சொல்வதில் அம்மாவுக்குச் சிரமமே இல்லை. கடைசியிலிருந்து சொல்லச் சொன்னால் நெற்றி சுருங்கும்.

"வாயுவுக்கு முன்னாடி எதும்மா?"

"இருடி... வருணன்!"

அந்த 'இருடி'க்காகத்தான் கேட்கிறேன். ரமண மகரிஷி பாடிய அக்ஷரமணமாலையும் இதற்கு உதவுகிறது. அதன் 108 கண்ணிகளில் பெரும்பாலானவற்றை அவர் அகர வரிசையில் அமைத்திருக்கிறார். முதலிலிருந்து பாடினால் நாக்கு தானாக ஓடும். 'கு'வில் தொடங்குவது எது என்று நடுவிலிருந்து கேட்டால் தேட வேண்டும். பல வருஷம் பாடிப் பழகியதை ஒப்பிப்பது மனசுக்கு நிம்மதி தரும். நினைவுக்குப் பயிற்சி கிடைப்பது தேடும்போதுதான். பழகிவிட்டால் கேள்வியை மாற்றிவிடுவேன். வாங்க வேண்டிய காய்கறிகளைச் சீட்டில்லாமல் நினைவில் வைக்கச் சொல்வேன். விலையைக் கூட்டி, மீதி எவ்வளவு வரும் என்று கேட்பேன்.

நடை மட்டுமேகூட மூளைக்குப் பலன் தரும். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டு வாரம் மூன்று நாள் நடந்த முதியவர்களுக்கு புது நினைவுகளைப் பதியவைக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. 2023-இல் கனடாவில், லேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ள 175 பேரிடம் நடந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 20 வாரம் உடற்பயிற்சியோடு மூளைப் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். அவர்கள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்தார்கள். அதனால் வீட்டில் அம்மா, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருகிறாள். இதனால் டிமென்ஷியா எனும் மறதிநோய் வரவே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனாலும் கையில் இருப்பதைச் செய்யாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி கேட்பவர்கள் நடப்பவரின் காலையும் கவனிக்க வேண்டும். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பிற்பாடு இடறி விழுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று 1997-லேயே ஸ்வீடனில் கண்டிருக்கிறார்கள். அம்மா பதில் தேடி நின்றுவிட்டால் உடனே சுலபமான கேள்விக்கு இறங்கிவிடுவேன். செங்கம் சாலையில் பேருந்துகள் விரையும் பகுதியில் கேள்வியே கிடையாது. பாதை வலப்புறம் பிரிந்த பிறகுதான் ஆரம்பிப்போம்.

காதையும் சோதித்துவிடுங்கள். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 டிமென்ஷியா காரணிகளில் செவித்திறன் குறைவும் ஒன்று. அம்மா பதில் சொல்லாத பல வேளைகளில் கேள்வியே காதில் விழுந்திருக்கவில்லை. இப்போது காது கேட்கும் கருவி மாட்டிக்கொண்டுதான் கிளம்புகிறாள். வண்டிகள் வரும் பக்கம் நான் நடக்கிறேன். தெரிந்த தெருவிலேயே வழி தவறினாலோ, அடுப்பை அணைக்க அடிக்கடி மறந்தாலோ, நடையை நம்பிக் காத்திராமல் மறுபடி மருத்துவரிடம் போவது என்று வீட்டில் எல்லோரும் பேசிவைத்திருக்கிறோம்.