அசையும் தளமும் தேடலில் அகப்பட

அசைவுப் படங்கள் நிறைந்த தளத்தைச் சீர்செய்பவர், அதன் எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சென்னை முகப்பேரிலோ அதை ஒட்டிய அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ இருக்கும் ஒரு பட்டறையின் தளம் அடோபியின் ஃபிளாஷ் அசைவு மென்பொருள் காலத்தில் கட்டப்பட்டிருந்தால், அதன் முகப்பு இன்று வெறும் கட்டமாகவே தெரியும். கூகுள் 2019-இல் ஃபிளாஷைத் தேடலிலிருந்து விலக்கியது. அடோபி 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அத்தகைய முகப்பை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயல்வது வீண். ஹெச்டிஎம்எல்லில் புதிதாக எழுதுவதே வழி.

பக்கத்தின் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கலாம். நகலெடுக்கவே முடியாவிட்டால் அது பெரும்பாலும் படம். தட்டச்சு செய்து ஏற்ற வேண்டும். பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்தால் அது யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. தமிழ்த் தளங்கள் தேடலில் காணாமல் போக இது ஒரு காரணம். தமிழில் தேடுபவர் யூனிகோடில் தட்டச்சு செய்கிறார். பழைய குறியேற்றத்தில் உள்ள சொல் அதனுடன் பொருந்தாது. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் மாற்றியபின், ஒருமுறை மெய்ப்பும் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம், தனி முகவரி, தனித் தலைப்பு. நிறுவனத்தின் பெயர், தெரு, 'முகப்பேர் கிழக்கு' போன்ற பகுதிப் பெயர் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். படத்துக்கு மாற்று உரையும், வீடியோவுக்குக் கீழே அதில் பேசப்படுவதன் எழுத்து வடிவமும் தேவை.

பிறகு வேகம். முதல் திரையின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். ஜிஃப் அசைவுகளை ஒலியில்லாத எம்பி4 ஆக்கினாலே கோப்பு பல மடங்கு சுருங்கும். வீடியோவுக்கு முன்படம் ஒன்றை வைத்து, பார்ப்பவர் தொட்ட பிறகே ஓடவிடுவது நல்லது. முதல் திரைக்குக் கீழே உள்ள படங்களுக்கு மட்டும் லேஸி லோடிங் (பார்வைக்கு நெருங்கும்போது ஏற்றுவது) போட வேண்டும். முதல் படத்துக்குப் போட்டால் பக்கம் இன்னும் தாமதமாகும். படங்களின் அகலம், உயரத்தைக் குறித்துவிட்டால் படிக்கும்போது வரிகள் குதிக்காது. எழுத்துருவை வோஃப்2 வடிவில், தேவையான எழுத்துகளோடு மட்டும் ஏற்றலாம். அசைவைக் குறைக்கும்படி போனில் அமைத்திருப்பவருக்கு அசைவு நிற்க வேண்டும்; தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இது அவசியம்.

இறுதியில் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸிலும், மொபைல் டேட்டாவில் ஓடும் விலை குறைந்த போனிலும் சோதித்து, பழைய முகவரிகளை நிரந்தர (301) வழிமாற்றத்தால் புதியவற்றோடு இணைத்து, சைட்மேப்பை கூகுள் சர்ச் கன்சோலில் சேர்க்க வேண்டும்.