கலெக்டர் கையெழுத்தும் காத்திருக்கும் ஜெபமும்

கேள்வி: நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். இருவருக்கும் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாயிற்று, ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் குழந்தை இல்லாததால், இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப் பதிவு செய்தோம். ரொம்ப நாள் கழித்து, மேற்கு வங்கத்தில் ஒரு இல்லத்தில் இருக்கும் நான்கு வயதுப் பெண் குழந்தையைக் காட்டினார்கள். பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்த பிள்ளை. உதட்டில் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. போட்டோவைப் பார்த்த அன்றே நானும் அவரும் சம்மதம் சொல்லிவிட்டோம்.

டெல்லியிலிருந்து தடையில்லாச் சான்றும் வந்துவிட்டது. அதோடு நின்றுபோனது. இங்கே சபையில் ஒவ்வொரு புதன்கிழமையும் எங்களுக்காக உபவாச ஜெபம் நடக்கிறது. ‘விசுவாசம் குறைவாக இருந்தால் கதவு திறக்காது’ என்று ஒரு சகோதரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அத்தை ஊரிலிருந்து போன் பண்ணி, ‘கர்த்தர் தடுக்கிறாரோ என்னவோ. அந்தக் காலத்துல மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கையோட தூக்கிட்டு வந்தாங்க’ என்கிறார். தெரிந்தவர் ஒருவர் யாருக்காவது ஏதாவது கொடுத்தால் வேகமாக முடியும் என்கிறார். வீடியோ காலில் பிள்ளை எங்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்னால் இப்போது ஜெபிக்கவே முடியவில்லை. நான் என்ன செய்ய?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஜெபத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் கோப்பு எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம்.

தடையில்லாச் சான்றுக்குப் பிறகு வர வேண்டியது தத்து உத்தரவு. அதை முன்பு நீதிமன்றம் போட்டது. 2021-ல் சிறார் நீதிச் சட்டத்தைத் திருத்தி, 2022 செப்டம்பர் முதல் அந்தப் பொறுப்பை மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம், அதாவது நம்மூர்ப் பேச்சில் கலெக்டரிடம், கொடுத்தார்கள். மனு தாக்கலாகி இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதே மேசையில்தான் வெள்ள நிவாரணமும் தேர்தல் வேலையும் நிலத் தகராறும் இருக்கின்றன. உங்கள் விசுவாசம் குறைந்ததால்தான் கதவு திறக்கவில்லை என்று சொன்ன சகோதரர், கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒருநாளும் போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மனு எந்தத் தேதியில் தாக்கலானது, ஏதாவது தாள் குறை என்று திரும்பி வந்ததா என்று உங்கள் ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டு மாதம் தாண்டியிருந்தால், டெல்லியில் உள்ள மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வுக்கு அவர்கள் வழியாகவே எழுதச் சொல்லுங்கள். இன்னொரு வழியும் உண்டு. தடையில்லாச் சான்று வந்தபின், உத்தரவு வரும்வரை குழந்தையை இந்தியாவுக்குள்ளேயே தற்காலிகப் பராமரிப்பில் உங்களுடன் வைத்துக்கொள்ள விதியில் இடமிருக்கிறது. உங்களில் ஒருவருக்கு நீண்ட விடுப்பு கிடைக்குமானால் அதையும் விசாரியுங்கள்.

‘ஏதாவது கொடுத்தால்’ என்றவருக்குப் பதிலே வேண்டாம். கட்ட வேண்டிய தொகை விதியிலேயே இருக்கிறது. கட்டினால் ரசீது வரும். ரசீது இல்லாத பணம் எங்கே போய் முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. 1999-ல் புளியந்தோப்பில், தெருக் குழாயடியில் இருந்த ஒரு சிறுவனை யாரோ தூக்கிப் போனார்கள். அவன் வேறு பெயரில், பெற்றோரே ஒப்படைத்த பிள்ளை என்ற பொய்த்தாளோடு, ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவுக்குப் போனான் என்று போலீஸ் விசாரணையில் வெளிவந்தது. வருஷக்கணக்கில் தேடி அலைந்த அப்பா இங்கே. ‘கர்த்தர் கொடுத்த பிள்ளை’ என்று சந்தோஷமாக வளர்த்த குடும்பம் அங்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஜெபத்தில் ஒரு குறையும் இருந்திருக்காது. தாளில்தான் குறை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கொரியப் போருக்குப் பிறகு 1955-ல், ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹோல்ட் தம்பதி விசுவாசத்தின் பேரில் எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அமெரிக்கச் சபைகளில் வெளிநாட்டுத் தத்து ஓர் ஊழியம்போலப் பரவியதற்கு அவர்கள் பெரிய காரணம். அந்தப் பாதையில் பல்லாயிரம் குழந்தைகள் போனார்கள். 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை ஆணையம் பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, பெற்றோர் இருந்த பிள்ளைகளையே அநாதை என்று எழுதியிருந்தது தெரியவந்தது. கும்பிட்ட கைகள்தான் அவசரமும் பட்டன.

ஆகவே இந்தத் தாமதத்தை உங்களுக்கு வந்த சோதனையாக மட்டும் பார்க்காதீர்கள். இதில் பெரும்பகுதி அந்தக் குழந்தைக்கும், அவளைப் பெற்றவளுக்கும் சொந்தமான நேரம். இங்கே ஒரு தாய் குழந்தையை ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்ப வர அவளுக்கு 60 நாள் உண்டு. கைவிடப்பட்ட பிள்ளையென்றால், படத்தோடு செய்தித்தாளில் அறிவிப்புப் போட்டு உறவுகளைத் தேடுகிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டு மாதம், அதற்கு மேல் நான்கு மாதம் என்று குழந்தை நலக் குழு விசாரித்த பிறகுதான் ‘தத்துக்கு உரியவள்’ என்று அறிவிக்கிறது. பிறகு இந்தியாவிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். அது கிடைக்காதபோதுதான் உங்கள் முறை. நாளைக்கு அவள் பதினாறு வயதில், ‘என்னை எப்படிக் கொண்டு வந்தீர்கள்?’ என்று கேட்பாள். கட்டாயம் கேட்பாள். அன்று அவளிடம் நீட்ட உங்கள் கையில் ஒவ்வொரு தாளும் இருக்க வேண்டும்.

அத்தையிடம் கோபப்படாதீர்கள், அவர் சொல்வதில் பாதி உண்மை. அன்றைக்கு அப்படித்தான் தூக்கி வந்தார்கள். ஆனால் 1956-ம் ஆண்டு தத்துச் சட்டம் இந்துக்களுக்கும், பௌத்த, சமண, சீக்கியருக்கும் மட்டுமே. நம் ஜனங்களுக்கு இருந்தது 1890-ம் ஆண்டு பாதுகாவலர் சட்டம்தான். பிள்ளை மேஜரானால் அந்த உறவும் சட்டத்தில் முடிந்துவிடும். வீட்டில் மகள், தாளில் யாரோ. பங்கு பிரிக்கும்போது சித்தப்பா மக்கள் அதைத்தான் எடுத்து நீட்டினார்கள். 2000-ல் வந்த சிறார் நீதிச் சட்டத்துக்குப் பிறகுதான் கிறிஸ்தவர்களுக்கும் முழுத் தத்துக்கு வழி திறந்தது. இப்போது நீங்கள் காத்திருக்கும் அந்த ஒரு உத்தரவு வந்தால், பெற்ற பிள்ளைக்குள்ள உரிமை எல்லாம் அவளுக்கும் உண்டு. இந்தியாவிலேயே தத்து முடிந்து அதற்குரிய விசாவில் வருவதால், அமெரிக்காவில் கால் வைக்கும்போதே குடியுரிமையும் சேர்ந்துவிடும்.

இனி ஜெபம். நான் போதகர் அல்ல, ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்காருகிறவள். 13-ம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். தாவீது கர்த்தரிடம் சண்டைக்கே நிற்கிறான். வேதத்தில் அதற்கு இடம் இருக்கும்போது, உங்களால் வாய் திறந்து ஜெபிக்க முடியாததை அவிசுவாசம் என்று யார் சொல்வது? புதன்கிழமைக் கூட்டம் பாரமாக இருந்தால் சில வாரம் போகாமல் இருங்கள். அவர்கள் ஜெபிக்கட்டும், நீங்கள் தூங்குங்கள்.

ஆனால் ஒன்று சொல்வேன். ‘அவளை எங்களுக்குக் கொடும்’ என்பதோடு நிறுத்தாமல், ‘அவளுக்கு நன்மை செய்யும்’ என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே முடியும் என்று நானும் நம்புகிறேன். தடையில்லாச் சான்று வரைக்கும் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் முடிந்துவிடும். அப்படியும் ஏதாவது தவறிப்போனால், அதை வைத்துக் கர்த்தருடைய அன்பை அளக்க வேண்டாம். மோசேயின் கதையில் நாம் பார்வோன் மகளையே பார்க்கிறோம். நாணலுக்கு அப்பால் அக்காள் நின்று கவனித்துக்கொண்டிருந்தாள். பாலூட்டியதும் பெற்ற தாய்தான். அப்படி அப்பால் நிற்கிறவர்களுக்காகவும் உங்கள் வீட்டில் ஜெபம் நடக்கட்டும்.

பிள்ளை முகத்தைத் திருப்புவது நல்ல குறி என்றே எடுத்துக்கொள்வேன். போனில் தெரிகிற அந்நியர்கள் இரண்டு பேரைப் பார்த்து நான்கு வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும்? அவளுக்கு இப்போது ‘மாஷி’தான் எல்லாம், இல்லத்தில் சோறூட்டுகிற, குளிப்பாட்டுகிற பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அண்ணப் பிளவால் அவள் பேச்சு மூக்கில் போகும்; அது மாஷிக்குப் புரியும், உங்களுக்குப் புரியாது. அதனால் வீடியோ அழைப்பை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். உங்கள் இருவர் படம், வீடு, கட்டில், தெரு எல்லாம் வைத்து ஒரு சின்ன ஆல்பம் அனுப்பி, மாஷியைக் காட்டச் சொல்லுங்கள். தமிழா ஆங்கிலமா என்று வீட்டில் வாதம் நடக்கும். இரண்டையும் ஒதுக்கி வைத்து முதலில் கொஞ்சம் வங்காளம் படியுங்கள். ‘கிதே பேயெச்சே’ என்றால் பசிக்கிறது. ‘ஜொல்’ தண்ணீர். ‘ஹிஷு’ என்றால் ஒண்ணுக்கு வருகிறது. விமானத்தில் இது தெரியாமல் இருந்தால் கஷ்டம்.

வரிசையாகப் பிள்ளைகளோடு படுத்துப் பழகியவளுக்கு, நீங்கள் ஆசையாக இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருக்கும் தனி அறை பயத்தைத்தான் கொடுக்கும். உங்கள் கட்டில் பக்கத்திலேயே ஒரு மெத்தை போடுங்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் உதடு, அண்ணப் பிளவுக்கென்றே இருக்கும் மருத்துவக் குழுவிடம் இப்போதே பெயர் பதிந்துவிடுங்கள். பேச்சுப் பயிற்சியும், காதுப் பரிசோதனையும், ஒருவேளை அடுத்த ஆபரேஷனும் காத்திருக்கின்றன.

கடைசியாக, சபை. விமான நிலையத்துக்கு மாலையும் பலூனுமாக யாரும் வர வேண்டாம் என்று இப்போதே அன்பாகச் சொல்லிவிடுங்கள். முதல் சில வாரம் ஊட்டுவதும் தூக்குவதும் நீங்கள் இருவர் மட்டுமே. யார் அம்மா, யார் அப்பா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சபையார் குழம்பு, பொரியல் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போகட்டும். அதுவே பெரிய ஊழியம். ஆராதனையில் சாட்சி சொல்லச் சொல்வார்கள். உங்கள் காத்திருப்பைச் சொல்லுங்கள். அவளைப் பெற்றவள் கதையை மேடையில் சொல்லாதீர்கள், அது அவளுடையது. அத்தைக்கு டிக்கெட் போடுவதையும் பிள்ளை வந்து இரண்டு மாதம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வருத்தமாக இருக்கும். உங்கள் வீட்டுக்காரரையே பேசச் சொல்லுங்கள்.