இழுத்தால் வரும், மிதித்தால் நிற்குமா?
டிரெய்லர் பிரேக்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு சாலையில் மேற்கே போனால் தாமல். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இந்த ஊருடையது. ஏரிப் பாசனத்து நெல் வயல்களும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இங்கே அக்கம்பக்கமாக இருக்கின்றன. அறுத்த நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகவும், செங்கல்லும் ஜல்லியும் ஊருக்குள் வரவும் டிராக்டர் டிரெய்லர்தான் கதி. அது கொஞ்ச தூரமாவது நெடுஞ்சாலையில் ஏறி இறங்கியாக வேண்டும். கன்டெய்னர் லாரிகளும் ஆம்னி பஸ்களும் பறக்கும் அதே சாலையில், நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலானவை பிரேக்கே இல்லாமல் ஓடுகின்றன.

இன்னொரு வகை டிரெய்லரும் உண்டு: ராணுவம் கழித்துவிட்ட சுமை டிரெய்லர்களும் தண்ணீர் டேங்க் டிரெய்லர்களும். 1964-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஏலங்களில் பாதுகாப்புத் துறையின் பழைய வண்டிகளும் சாமான்களும் விலைக்கு வருகின்றன. ஏலத்தில் எடுத்ததை வீடு கொண்டுவந்து சேர்க்கும் முதல் பயணம்தான் மிக ஆபத்தானது. அந்த டிரெய்லர் எத்தனை வருஷம் நின்ற இடத்திலேயே நின்றது என்பது வாங்கியவருக்குத் தெரியாது. பிரேக் பிடிக்குமா என்பதும் தெரியாது. ஆனால் அதைப் பற்றிய நம்பிக்கைகள் மட்டும் நிறைய. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "ராணுவச் சாமான். அசைக்க முடியாது. அப்படியே மாட்டி இழுத்து வந்துவிடலாம்."

உண்மை: சட்டமும் அச்சும் உறுதியானவைதான், 'அசைக்க முடியாது' என்பது அவற்றுக்குப் பொருந்தும். பிரேக்கோ ரப்பராலும் எண்ணெயாலும் லைனிங்காலும் ஆனது. இவை மூன்றுக்கும் வயது உண்டு, ஓடாமல் நின்றால் இன்னும் சீக்கிரம் கெடும். வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 3 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நீர் ஏறிய பிறகு அதற்கு விதித்த குறைந்தபட்சம் 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். பெடல் அமுங்கும், பிரேக் பிடிக்காது. அதே ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவேற்றி பிஸ்டனை இறுக்கிவிடும். மழையில் கிடந்த டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் பழைய டிரெய்லரில் கோளாறு இரண்டு விதமாக வரும். பிரேக் பிடிக்காமல் போவது ஒன்று, பிடித்த பிரேக் விடாமல் போவது மற்றொன்று. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. டிராக்டரோ ஜீப்போ பலத்தால் இழுத்துக்கொண்டே போகும். டிரம் காய்ந்து, பேரிங்கிலுள்ள கிரீஸ் உருகி ஓடி, டயர் புகையும்போதுதான் தெரியவரும். ஆகவே கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாத சக்கரத்தோடு சாலையேறக் கூடாது. கிளம்பி முதல் சில கிலோமீட்டரில் நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் இழுக்கிறது, அல்லது பேரிங் போய்விட்டது.

நம்பிக்கை 2: "டிராக்டருக்குத்தான் பிரேக் இருக்கிறதே. டிரெய்லருக்கு எதற்குத் தனியாக?"

உண்மை: இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நம் கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டை 40 கிலோ. 110 மூட்டை ஏற்றினால் 4.4 டன். டிரெய்லரின் எடை 1.6 டன் என்று வைத்துக்கொண்டால் பின்னால் வருவது 6 டன். டிராக்டர் 2 டன். டிராக்டர் மட்டும் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது பிரேக் பிடித்தால் சுமார் 9 மீட்டரில் நிற்கிறது என்று கொள்வோம். அதே பிரேக் இப்போது 8 டன்னை, அதாவது நான்கு மடங்கு எடையை, நிறுத்த வேண்டும். தூரமும் நான்கு மடங்காகி 36 மீட்டரைத் தொடும். வேகம் 40 ஆனால் 60 மீட்டரைத் தாண்டும். ஆபத்தைப் பார்த்துக் கால் பெடலுக்குப் போவதற்குள் கடந்துவிடும் 10 மீட்டர் இதில் சேரவில்லை. 20 மீட்டர் முன்னால் ஒருவர் சாலையைக் கடந்தால், இந்த வண்டியை ஓட்டுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் நிறுத்த முடியாது.

தூரம் கூடுவதோடு முடிவதில்லை. டிராக்டர் வேகத்தைக் குறைக்க முயலும்போது, பிரேக் இல்லாத 6 டன் பின்னாலிருந்து தள்ளுகிறது. வண்டி நேராக இருக்கும்வரை பரவாயில்லை. வளைவிலோ ஈரச் சாலையிலோ அந்தத் தள்ளல் டிராக்டரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் ஒதுக்கும். டிராக்டரும் டிரெய்லரும் கொக்கி இருக்கும் இடத்தில் மடிந்துகொள்ளும். மடியத் தொடங்கிய பிறகு ஸ்டீயரிங்கால் நேராக்குவது மிகவும் கடினம். டிரெய்லரின் சக்கரங்களிலேயே பிரேக் பிடித்தால் இந்தத் தள்ளல் வெகுவாகக் குறைந்துவிடும்.

நம்பிக்கை 3: "டிரெய்லரில் டிரம்மும் குழாயும் இருக்கிறது. கொக்கி மாட்டினால் பிரேக்கும் வேலை செய்யும்."

உண்மை: கொக்கி இழுக்க மட்டும்தான். பிரேக்குக்குத் தனி இணைப்பு வேண்டும், அதுவும் இழுக்கும் வண்டியோடு பொருந்த வேண்டும். காற்றுப் பிரேக் உள்ள டிரெய்லருக்கு முன்வண்டியில் கம்ப்ரசர் தேவை. சாதாரண விவசாய டிராக்டரில் அது இல்லை, ஜீப்பிலும் இல்லை. சில டிரெய்லர்களில் காற்றுக்குழாய் கழன்றால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். கொக்கி அறுந்தால் டிரெய்லர் தனியே ஓடிவிடாமல் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வண்டி நகரவில்லை என்று டேங்கில் உள்ள காற்றை இறக்கிவிட்டு, அல்லது பிரேக்கை முழுவதும் தளர்த்திவிட்டு இழுத்து வருவார்கள். அப்போது பிரேக்கே இல்லாத டிரெய்லரைத்தான் இழுத்து வருகிறார்கள்.

இன்னொரு வகையில், முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் வந்து ஏர்க்காலை அழுத்தும். அந்த அழுத்தமே லிவர் வழியாகப் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். இதில் ரிவர்ஸ் எடுத்தாலும் பிரேக் பிடித்துவிடும் என்பதால், பழைய மாடல்களில் ஒரு தடுப்புக் கொண்டி வைத்திருப்பார்கள். ரிவர்ஸ் எடுத்த பிறகு அதை விடுவிக்க மறந்தால் முன்னால் போகும்போது பிரேக் கிடையாது.

விளக்குகளையும் பார்க்க வேண்டும். ராணுவக் கனரக வண்டிகளின் மின்சாரம் 24 வோல்ட், நம் டிராக்டர் 12 வோல்ட். 24 வோல்ட் பல்பு டிராக்டரில் மங்கலாக எரியும். பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் பிடித்ததே தெரியாது. இவை எதுவும் பொருந்தவில்லை என்றால் டிரெய்லரை லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதே சரி. அந்த வாடகையை ஏலத்தில் விலை கேட்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 4: "பிரேக் ஆயில் குறைந்தால் கையில் இருக்கும் எண்ணெயை ஊற்றலாம்."

உண்மை: கூடாது. இன்ஜின் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் பெட்ரோலிய எண்ணெய்கள். வழக்கமான பிரேக் சிஸ்டத்தின் கப் ரப்பர்கள் அவற்றில் ஊறி உப்பி உருக்குலையும். முதல் நாள் நன்றாகப் பிடிக்கும், பிறகு இறுகிக்கொள்ளும் அல்லது கசியும். பழைய டிரெய்லரில் எண்ணெயைச் சேர்ப்பதைவிட, முழுவதும் வடித்து, கப் ரப்பர்களை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, ஏர் எடுப்பதே முறை.

நம்பிக்கை 5: "இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம்."

உண்மை: ஏரிக்கரையிலிருந்து இறங்கும் சின்னச் சரிவில்கூட இந்தப் பழக்கம் உயிரை வாங்கும். கியரில் இருக்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் கவர்னர் டீசலைக் குறைத்துவிடும் என்பதால் மிச்சமாவதும் சொற்பம். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். முழுச் சுமையும் டிராக்டரின் பிரேக் மேல் விழும். வேகம் ஏறிய பிறகு கியர் விழாது. இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு வந்துவிட வேண்டும். பாதியில் மாற்ற முயலக் கூடாது.

நம்பிக்கை 6: "வயலில் ஓட்டுவதுபோல இடது வலது பிரேக் பெடல்களைத் தனித்தனியாகவே வைத்துக்கொள்ளலாம்."

உண்மை: டிராக்டரில் இரண்டு பெடல்கள் இருப்பது வயல் முனையில் சட்டென்று திரும்புவதற்காக. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். சாலையில் பதற்றத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் நின்று மற்றது ஓடும். டிராக்டர் அந்தப் பக்கமாகச் சுழலும், பின்னாலுள்ள சுமை அதைக் கவிழ்க்கும். இரண்டையும் இணைக்கும் கொண்டி ஒவ்வொரு டிராக்டரிலும் இருக்கிறது. வரப்பைத் தாண்டிச் சாலையில் ஏறும் முன் அதைப் போட்டுவிடுங்கள். செலவே இல்லாத பாதுகாப்பு இது.

நம்பிக்கை 7: "பாரத்தைப் பின்பக்கம் ஏற்றினால் கொக்கிக்கு நிம்மதி."

உண்மை: இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் முன்பக்கம் மேலே எழும்பி, டிராக்டரின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். பிரேக் இருப்பதே அந்தப் பின் சக்கரங்களில்தான். அவை தரையை அழுத்தாவிட்டால் பிரேக் பிடித்தும் பயனில்லை, டயர் சறுக்கும். டிரெய்லரும் இடம் வலமாக ஆடத் தொடங்கும். காருக்கும் ஜீப்புக்கும் பின்னால் இழுக்கும் சிறு டிரெய்லர்களில் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள நடைமுறை.

கொக்கியையும் பாருங்கள். ராணுவ டிரெய்லரின் வளையம் பெரியது, டிராக்டரின் கொக்கிப் பின் சிறியது. இடைவெளி அதிகமாக இருந்தால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் இரும்பு இரும்பில் அடிக்கும். பின் தேயும், வளையும். பின்னுக்குப் பூட்டுக் கிளிப் போட வேண்டும், கம்பியோ ஆணியோ போதாது. ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக இரண்டு சங்கிலிகளை மாட்டினால், கொக்கி விட்டாலும் டிரெய்லர் எதிர்ச்சாலைக்குப் போகாது.

நம்பிக்கை 8: "ராணுவ நம்பர் இருக்கிறது, அது போதும். டிரெய்லருக்கெல்லாம் பதிவா?"

உண்மை: 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் பதிவுக்கு உட்பட்டதே. ராணுவ வண்டிகள் 60-ஆம் பிரிவின்படி தனியாகப் பதிவு பெறுகின்றன. மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட எண் அதன் அடையாளம். மத்திய அரசின் உடைமையாக இருப்பது நின்றதும், மற்ற வண்டிகளுக்கான பதிவு விதிகளே அதற்கும் வந்துவிடும். 61-ஆம் பிரிவின்படி, இழுக்கும் வண்டியின் எண்ணையும் டிரெய்லரில் எழுதியிருக்க வேண்டும். இதை வெறும் காகித வேலை என்று தள்ளிவிடக் கூடாது. பதிவும் காப்பீடும் இல்லாத டிரெய்லர் ஒருவரை இடித்தால், அடிபட்ட குடும்பத்துக்கு இழப்பீடு கிடைப்பது பெரும் போராட்டமாகும். இடித்தவரின் நிலமும் அதில் போய்விடலாம்.

நம்பிக்கை 9: "மெதுவாகப் போகிற வண்டிதானே, நாலு பேர் ஏறிக்கொள்ளட்டும்."

உண்மை: 2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப்பிரதேசத்தின் கான்பூர் மாவட்டம் காட்டம்பூரில், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் ஏறியிருந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். டிரெய்லரில் இருக்கையில்லை, பிடிமானம் இல்லை. கவிழும்போது ஆட்கள் அடியில் சிக்குவார்கள். நாற்று நடவுக்கும் திருவிழாவுக்கும் ஏரிக்கரை வழியாக ஆட்களை ஏற்றிப்போகும் நம் ஊர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். டிரெய்லர் நெல்லுக்கும் செங்கல்லுக்கும் உரியது, மனிதர்களுக்கு உரியதல்ல.

இந்த நம்பிக்கைகள் அனைத்துக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: இழுக்க முடிந்தால் போதும் என்பது. குதிரைத்திறனை ஒப்பிடுகிறோம், டயரைத் தட்டிப் பார்க்கிறோம், எத்தனை டன் தாங்கும் என்று பட்டறையில் கேட்கிறோம். விலை பேசும்போது முதலில் கழற்றிவிடுவது பிரேக்கைத்தான். டிரெய்லர் செய்யக் கொடுக்கும் ஒவ்வொருவரும் பிரேக்கோடுதான் வேண்டும் என்று கேட்டால், பட்டறைகளும் அதைச் செய்து கொடுக்கும். ஊராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தங்கள் சொந்த டிரெய்லர்களில் இதைத் தொடங்கி வைக்கலாம்.

இன்றைக்கே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அறுப்பு முடிந்த சமமான தரையில், ஆளில்லாத இடத்தில், நடை வேகத்தில் டிரெய்லரை இழுத்துச் செல்லுங்கள். தனியாகப் பிடிக்கக்கூடிய பிரேக் என்றால் அதை மட்டும் பிடியுங்கள். ஏர்க்கால் அழுத்தத்தில் பிடிக்கும் வகை என்றால் முன்வண்டியை மெல்ல நிறுத்திப் பாருங்கள். இரு பக்கச் சக்கரங்களும் ஒன்றாகப் பிடித்து, விட்டதும் ஒன்றாக விட வேண்டும். பிடிக்காவிட்டால் அது இன்னும் சாலைக்குத் தயாராகவில்லை. பிரேக் சரியாகும்வரை அதை நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள்.